அடுப்புப் பக்கம் வராமலே சமைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து இரவுகள், ஐந்து விதமான சாப்பாடு. கரண்டி என் கையில் இருந்ததால் பாராட்டெல்லாம் என் கணக்கில் ஏறிவிட்டது. வேலை நாளின் இரவுச் சமையலில் அடுப்பு எரிவதே 40 நிமிடம்தான். அந்த 40 நிமிடம் போதவேண்டுமென்றால், அதற்கு முன்பே யாராவது எதையாவது செய்து வைத்திருக்க வேண்டும். அப்படிச் செய்து வைத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, ஞாயிறு இரவு கொண்டைக்கடலையை ஊறப்போட்ட அக்காவுக்கு. ஊறப்போட்டதற்கு மட்டுமில்லை, அந்தத் தண்ணீரில் உப்பும் போட்டதற்கு. ஒரு கப் கடலை, ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி உப்பு. உப்பு போட்டால் கடலை வேகாது என்று காலகாலமாகச் சொல்கிறார்கள். ஊறும்போது நடப்பது அதற்கு நேர்மாறு. தோலில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளை இறுக்கிப் பிடித்திருப்பவை கால்சியமும் மெக்னீசியமும். உப்பிலுள்ள சோடியம் அவற்றில் கொஞ்சத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், தோல் இளகிவிடும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டி, கடலையை அலசி, ஃப்ரிட்ஜில் வைத்தீர்களே, அதுவும் சரியான வேலை. வெளியிலேயே இருந்திருந்தால் மாலைக்குள் நுரைத்துப் புளித்திருக்கும்.

அதன் பிறகு எனக்கு வேலையே இல்லை. குக்கரில் ஐந்தாறு விசில். விசில் கணக்கு குக்கருக்குக் குக்கர் மாறும் என்பதால் நான் நம்புவது கடிகாரத்தை: முழு அழுத்தம் வந்ததும் தீயைக் குறைத்து 15 நிமிடம். பிறகு ஆவி தானாக அடங்கட்டும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் உள்ளே இருக்கும் தண்ணீர் சட்டென்று பொங்கிக் கொதிக்கும், தோல் கிழிந்து கடலை கலங்கிப்போகும். தக்காளி சேர்ப்பது கடலை நன்றாக வெந்த பிறகுதான். அரைவேக்காட்டுக் கடலையைப் புளிப்பில் போட்டால், அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கொதித்தாலும் நடுவில் கடுக்கென்றுதான் இருக்கும்.

அந்தக் குழம்புக்கு வெங்காயம் வதக்கிக் கொடுத்த மாமாவுக்கு அடுத்த நன்றி. "வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும், 5 நிமிடம்" என்று எழுதுகிற சமையல் குறிப்புக்காரர்கள் மேல் எனக்குத் தனிக் கோபமே உண்டு. ஐந்து நிமிடத்தில் கண்ணாடி போல் ஆகும், அவ்வளவுதான். உள்வரை இனித்துப் பழுப்பாக மாற, மிதமான தீயில் 30 முதல் 40 நிமிடம் பிடிக்கும். மாமா ஞாயிற்றுக்கிழமையே ஒரு கிலோவை அடி கனத்த சட்டியில் போட்டு, அடி பிடிக்கும்போதெல்லாம் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டி, நான்கு டப்பாவாகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிட்டார். அவற்றில் மூன்று இந்த வாரமே தீர்ந்தன.

தம்பிக்கு நன்றி சொல்ல வேண்டியது திங்கள் இரவில் மிஞ்சிய சாதத்துக்காக. மறுநாள் ஃப்ரைட் ரைஸுக்கென்றே கூடுதலாக வடித்த சாதம் அது. அதைச் சட்டியிலேயே விட்டுவைக்காமல் அகலமான தட்டில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, ஆவி அடங்கியதும், ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வைத்தாய். சின்ன வேலை மாதிரித் தெரியும். அரிசியோடு வரும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக இருக்கும் நேரம் முழுக்க அவை முளைத்துப் பெருகும். வாந்தியை உண்டாக்கும் நச்சு ஒருமுறை உருவாகிவிட்டால், மறுபடி எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. "நல்லாக் கொதிக்க வச்சுட்டேனே" என்ற சமாதானம் இங்கே செல்லாது.

ருசிக்கும் அதே வேலைதான் உதவியது. ஆறிய சோற்றில் மாவுச்சத்து இறுகி, மேல்புறம் காய்ந்து, பருக்கை பருக்கையாக நிற்கும். சூடான சோற்றை வாணலியில் கொட்டினால் களிதான் மிஞ்சும். குளிர்ந்த சோற்றைக் கை நனைத்து உதிர்த்துக்கொண்டு, வாணலி புகைய ஆரம்பிக்கும்போது இரண்டு பேருக்கான அளவு மட்டும் போட வேண்டும். நான்கு பேருக்கும் சேர்த்துக் கொட்டினால் வாணலியின் சூடு இறங்கி, சோறு வறுபடாமல் அதன் ஆவியிலேயே வெந்துவிடும். முட்டையை முதலில் பொரித்து எடுத்துவைத்து, கடைசியில் சேர்த்தேன். சோயா சாஸைச் சோற்றின் மேல் ஊற்றாமல் வாணலியின் ஓரத்தில் விட்டால் அது கொஞ்சம் கருகி மணம் கூட்டும்.

புதன்கிழமைக் கோழிக்குச் சித்தி. திங்கள் காலையிலேயே ஃப்ரீசரிலிருந்து ஒரு கிலோ தொடைக்கறியைக் கீழ்த் தட்டுக்கு மாற்றிவைத்தீர்கள், அதுவும் தண்ணீர் சொட்டாதபடி ஆழமான பாத்திரத்தில். சமையல் மேடையில் வைத்து உருக விட்டிருந்தால் நடுப்பகுதி கட்டியாகவே இருக்க, மேல்புறம் கெட்டுப்போகத் தொடங்கியிருக்கும். செவ்வாய் இரவு கிலோவுக்கு 12 கிராம் உப்பு தடவியதற்கும் நன்றி. உப்பு முதல் அரை மணி நேரம் கறியிலிருந்து நீரை இழுக்கும், பிறகு அந்த நீரோடு தானும் உள்ளே போகும். அதனால் ஒன்று முந்தின நாளே தடவ வேண்டும், அல்லது அடுப்பில் ஏற்றும் நேரத்தில் தடவ வேண்டும். இடைப்பட்ட 20 நிமிடக் கணக்குதான் மோசம்: மேலெல்லாம் ஈரம், கறி சிவக்காது. தொடைக்கறி 74 டிகிரியிலேயே சாப்பிடத் தகுந்ததாகிவிடும். ஆனாலும் 80, 85 வரை விட்டால்தான் எலும்பை ஒட்டிய சவ்வு உருகி மிருதுவாகும்.

அதோடு ஓவனில் வெந்த காய்கள் மருமகள் நறுக்கியவை. கேரட்டும் உருளைக்கிழங்கும் ஒரே அளவில், ஓர் அங்குலத் துண்டுகளாக இருந்தன. 220 டிகிரியில் அவை இரண்டும் முதல் 20 நிமிடம், குடைமிளகாய் அதற்குப் பிறகு. ஒன்றுக்கொன்று இடிக்காமல் இரண்டு தட்டில் பரப்பச் சொன்னதும் அவள்தான். ஒரே தட்டில் குவித்திருந்தால் சுடப்படாமல் வெந்துபோயிருக்கும்.

வியாழன் பாஸ்தா சீக்கிரம் முடிந்த கதை. வடிக்கும் முன் ஒரு கப் கஞ்சித் தண்ணீரை எடுத்துவைத்த கடைக்குட்டிக்கு ஒரு முத்தம். பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு ஒன்றரை நிமிடம் முன்னாலேயே வடித்து, மிச்ச வேக்காட்டைச் சாஸில் வைத்து, அந்தக் கஞ்சியை அரைக் கப் ஊற்றிக் கிளறினால் எண்ணெயும் சாஸும் பிரியாமல் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

இனி பாட்டி. வியாழன் சாஸை நாக்கில் வைத்ததும் "உப்பு தூக்கல்" என்றீர்கள். பரவாயில்லை என்று மழுப்பாமல் சொன்னதற்கு நன்றி. உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்று நம்பிப் பயனில்லை. கிழங்கு உறிஞ்சுவது உப்புத் தண்ணீரைத்தான், மிச்சமிருப்பதன் உப்பு அப்படியே இருக்கும். அளவைப் பெருக்குவதுதான் வழி. இன்னும் நான்கு தக்காளியை அரைத்து ஊற்றினோம். மிஞ்சியது வெள்ளிக்கிழமை சூப்பானது.

அந்தச் சூப்போடு வைத்த முட்டைகளின் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் இல்லையே என்று கேட்டீர்கள். கொதிக்கும் தண்ணீரில் இறக்கி 10 நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர். கூடுதலாக வெந்தால் வெள்ளைக் கருவின் கந்தகம் மஞ்சள் கருவின் இரும்போடு சேர்ந்து அந்த வளையம் விழும். ஐஸ் தட்டை நினைவாக நிரப்பி வைத்திருந்த அத்தானுக்கு அதன் பெருமை போகட்டும். ஐந்து நாளும் பாத்திரம் கழுவியதும் அவர்தான்; அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு மடல் வேண்டும்.

அக்கா, வரும் ஞாயிறு ராஜ்மா. தண்ணீரும் உப்பும் அதே கணக்கு. குறைந்த சூட்டில் மெதுவாக வேகவைக்கும் மின் பாத்திரத்தில் மட்டும் நேராகப் போட்டுவிட வேண்டாம். அந்தச் சூட்டில் ராஜ்மாவில் உள்ள லெக்டின் நச்சு அழியாது, வயிற்றைப் புரட்டிவிடும். முதலில் 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். டப்பா மேல் அலமாரியில், இடது பக்கம்.