வேலூர்க் கோட்டை சொல்லும் குறியீடுகளின் கதை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குறியீடுகளை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவோர், வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று நடந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். பணியில் இருக்கும்போது நெற்றியில் சமயக் குறி இடக் கூடாது, கடுக்கன் அணியக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி பிறப்பித்த ஆணைகளே சிப்பாய்களைக் கொதித்தெழச் செய்தன. வேறு குறைகளும் இருந்தன என்பது உண்மையே. ஆயினும் ஒரு கீற்றுத் திருநீற்றில் தன் மானத்தையே கண்டவனுக்கு அந்த ஆணை எவ்வளவு வலித்திருக்கும்! எழுந்தவர்கள் கோட்டையில் முதலில் ஏற்றியதும் ஒரு குறியீட்டைத்தான்: மைசூர் சுல்தானின் கொடி.

அதே கோட்டைக்குள், ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில், எந்தக் காட்டிலும் இல்லாத யாளியைச் சிற்பி கற்பனையால் படைத்து நிறுத்தியிருக்கிறார். புள்ளிகளைச் சுற்றிக் கையெடுக்காமல் கோடிழுக்கும் நம் வீட்டுப் பெண்களிடமும் அந்தப் படைப்பாற்றலே வாழ்கிறது.

எனவே, மாவட்டப் பள்ளிகள் ஓவிய வகுப்பை ஆண்டுக்கு ஒருமுறையேனும் இக்கோட்டையில் நடத்தி, மாணவர்கள் அந்தத் தூண்களைப் பார்த்து வரையவும் 1806-இன் வரலாற்றை அங்கேயே கேட்டறியவும் கல்வித் துறை வழிசெய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்பாடி.