பூரிக்கட்டையை இறக்கி வையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். என் மாமனார் காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் தங்கள் இதழை வாங்குகிறோம். அந்த உரிமையில் நகைச்சுவைப் பக்கத்தைப் பற்றி ஒரு முறையீடு.

சென்ற இதழிலும் பெரும்பாலானவை கணவன்–மனைவி துணுக்குகளே. மனைவி பூரிக்கட்டையால் அடிக்கிறாள். மனைவியின் சமையலைச் சாப்பிட்ட கணவன் டாக்டரிடம் ஓடுகிறான். அவள் பிறந்த வீட்டுக்குக் கிளம்பினால் பட்டாசு வெடிக்கிறான். ஓவியர் வரையும் மனைவிக்கு எப்போதும் பருத்த உடம்பு, கணவனின் தலையில் எப்போதும் ஒரு புடைப்பு. இதே துணுக்குகளை நான் பாவாடை சட்டை போட்டுத் திரிந்த நாளிலேயே படித்திருக்கிறேன். அப்போது கணவன் கையில் செய்தித்தாள் இருந்தது, இப்போது செல்போன் இருக்கிறது. வேறு மாற்றம் எதையும் காணோம்.

கணவன்–மனைவி சண்டையில் சிரிக்க எதுவும் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. கொட்டிக் கிடக்கிறது. அதில் ஒரு துளிகூட உங்கள் பக்கத்துக்கு வந்து சேரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

நான் திருவண்ணாமலையில் தமிழாசிரியையாக இருக்கிறேன். ஆண்டு விழாவுக்காக எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே ஒரு நாடகம் எழுதினார்கள். கணவன்–மனைவி காட்சி வந்ததும் ஒரு பையன், "டீச்சர், பூரிக்கட்டை வேண்டும்" என்று கேட்டான். "உங்கள் வீட்டில் அம்மா அதை எடுத்து யாரையாவது அடித்திருக்கிறார்களா?" என்று வகுப்பைக் கேட்டேன். ஒருவர்கூடக் கையைத் தூக்கவில்லை. "பிறகு எதற்காகத்தான் சண்டை வரும்?" என்று கேட்டதுதான் தாமதம், ஆளுக்கு ஆள் முந்திக்கொண்டார்கள். மின்விசிறியை ஐந்தில் வைப்பதா மூன்றில் வைப்பதா என்ற வழக்கு. நள்ளிரவில் எழுந்து அதைக் குறைத்தது யார் என்று விடிந்ததும் நடக்கும் விசாரணை. மூடியைத் திருகாமல் வைத்த ஊறுகாய் பாட்டில். உறவினர் வீட்டில் அப்பா மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட சாம்பார்.

ஒரு மாணவி மொய்ச் சண்டை ஒன்றைச் சொன்னாள். ஒரு திருமணத்துக்கு 501 ரூபாய் எழுதலாம் என்கிறார் அப்பா. அம்மா பேசாமல் உள்ளே போய் மொய் நோட்டை எடுத்துவருகிறார். மகளின் காதுகுத்துக்கு அந்த வீட்டார் 201 எழுதிய பக்கத்தைப் பிரித்து அப்பாவின் மடியில் வைக்கிறார். அப்பா அதைப் படித்துவிட்டு, பதில் சொல்லாமல் அடுத்த பக்கத்தைத் திருப்புகிறார். அங்கே அம்மாவின் பெரியப்பா மகன் எழுதியது 51. அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு அம்மாவை நிமிர்ந்து பார்க்கிறார். அம்மா நோட்டை வாங்கி மூடிவிட்டு, "சரி, 501 எழுதுங்கள்" என்கிறார்.

நாடகத்தில் அந்தக் காட்சியை அப்படியே வைத்தோம். அரங்கில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பெற்றோர்கள் பக்கத்தில் இருந்தவரைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். காரணம், அந்தக் காட்சியில் இருவருக்கும் வாய் இருந்தது. அவர் ஒரு காயை நகர்த்தினால் இவரும் ஒரு காயை நகர்த்துகிறார். ஒருவர் அடிக்க, மற்றவர் வாங்கிக்கொண்டே இருந்தால் அதைச் சண்டை என்றே சொல்ல முடியாது. அதில் நகைச்சுவை எங்கிருந்து வரும்? கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் திரையில் சரிக்குச் சரி வாதாடினார்கள். வாழ்க்கையிலும் தம்பதியாக இருந்த அவர்களின் நகைச்சுவையை இன்றும் முகம் சுளிக்காமல் குடும்பத்தோடு பார்க்க முடிகிறதே!

என் மாமனார், மாமியாரின் அனுமதியோடு எங்கள் வீட்டுச் சண்டை ஒன்றையும் சொல்கிறேன். வேலூரில் ஒரு திருமணம். மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நிற்கிறார். மாமியார் பூட்டிய வீட்டைத் திறந்து, கேஸை மூடினோமா என்று பார்க்க மறுபடியும் உள்ளே போகிறார். "நாம் போவதற்குள் தாலி கட்டி முடித்துச் சாப்பாட்டுக்கே உட்கார்ந்துவிடுவார்கள்" என்று இவர் கத்துகிறார். "தாலியை நீங்களா கட்டப்போகிறீர்கள்? சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்" என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது. அவ்வளவுதான், பேச்சுவார்த்தை முறிந்தது. பஸ்ஸில் ஒரே இருக்கையில் இருவரும் இரு ஓரம், நடுவில் என் மகள்.

"உன் தாத்தாவை ஜன்னலைச் சாத்தச் சொல், காற்று அடிக்கிறது."

"காற்று முழுக்க என்மேல்தான் அடிக்கிறது என்று உன் பாட்டியிடம் சொல்."

ஒரு சாண் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்காததுபோல், குழந்தை ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தாள். போளூரில் பஸ் நின்றதும், யாரும் சொல்லாத ஒன்றைத் தானாகவே சொன்னாள்: "தாத்தா, பாட்டி உங்களை முறுக்கு வாங்கச் சொல்கிறார்கள். எனக்கும் ஒன்று வேண்டுமாம்." மாமனார் உடனே இறங்கிப் போய் முறுக்கு வாங்கிவந்தார். மாமியார் ஒரு வார்த்தைகூட மறுக்காமல் கையை நீட்டினார்.

தூது போவதில் எங்கள் ஊருக்கு நீண்ட பழக்கம் உண்டு. கணவன்–மனைவி பிணக்கின் பெயரில் ஒரு தெருவே இங்கே இருக்கிறது. திருவூடல் தெரு! மாட்டுப் பொங்கலன்று மாலை அங்கே நிற்க இடம் கிடைக்காது. பிருங்கி முனிவர் சுவாமியை மட்டும் வணங்கி, அம்மனை வணங்காமல் விட்டவர். அவருக்குக் காட்சி கொடுக்கச் சுவாமி கிளம்பினால் உண்ணாமுலையம்மனுக்குக் கோபம் வராதா? சுந்தரர் நடுவில் தூது போகிறார், பலிக்கவில்லை. அம்மன் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள, அண்ணாமலையார் குமரக்கோயிலில் இரவைக் கழிக்கிறார். வீட்டுக் கதவு சாத்தியிருந்தால் மகன் வீடுதானே கதி! மறுநாள் மலையைச் சுற்றி வந்த பிறகு மறுவூடல் நடந்து சமாதானம் ஆகிறது. திருவாரூரில் மனைவி பரவையாரின் கோபத்தைத் தணிக்கச் சுந்தரருக்காகச் சிவபெருமானே இரண்டு முறை தூது நடந்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. அந்தக் கடனைத்தான் சுந்தரர் இங்கே அடைக்கிறார் என்பது என் மாமியாரின் கட்சி. ஸ்ரீரங்கத்திலும் அப்படித்தான். உறையூர் நாச்சியாரிடம் போய்வந்த பெருமாளுக்குப் பங்குனி உத்திரத்தன்று தாயார் கதவடைக்க, நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்துவைக்கிறார்.

திருக்குறள் முடிவதும் ஊடலில்தான். 132ஆம் அதிகாரமான புலவி நுணுக்கத்தில் கணவன் தும்முகிறான். மனைவி வாழ்த்துகிறாள். வாழ்த்திய வாய் மூடுவதற்குள், "யார் நினைத்ததால் தும்மினீர்?" என்று அழுகிறாள். அடுத்த குறளில் தும்மலை அடக்கிப் பார்க்கிறான். "உமக்கு வேண்டியவர்கள் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரோ?" என்று அதற்கும் அழுகை. இதைவிட நல்ல துணுக்கை யார் எழுதிவிட முடியும்? அதே வள்ளுவர்தான், ஊடல் உணவில் உப்புப் போல அளவோடு இருக்க வேண்டும், நீளவிட்டால் உப்பு மிகுந்ததுபோல் ஆகிவிடும் என்றும் அளவு சொல்லியிருக்கிறார்.

ஆகவே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கை ஓங்கிய வீட்டில் சிரிக்க எதுவும் இல்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005இலேயே சட்டம் இயற்றிய நாடு இது. துணுக்கில் அடி வாங்குவது ஆண்தானே, சிரித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஆண் வாங்கினாலும் அடி அடிதான். அடியைப் பார்த்துச் சிரித்துப் பழகியவர்கள்தான் பக்கத்து வீட்டில் உண்மையாகவே அலறல் கேட்கும்போதும், "புருஷன் பெண்டாட்டி சண்டை, நமக்கென்ன" என்று டி.வி. சத்தத்தைக் கூட்டிவைக்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. பத்திரிகைகளுக்கும் வர வேண்டும்.

என் வேண்டுகோள் இதுதான். பூரிக்கட்டைத் துணுக்குகளை நிறுத்திவிட்டு, வாசகர் வீடுகளில் நடந்த ஊடல்களைக் கேட்டு வாங்கி மாதம் ஒரு பக்கம் வெளியிடுங்கள். அனுப்பும் கடிதத்தில் கணவன், மனைவி இருவரும் கையொப்பமிட வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். ஒருவர் மட்டும் கையொப்பமிட்ட கடிதம் எவ்வளவு சுவையாக இருந்தாலும் வெளியிட வேண்டாம். அதில் மற்றவருக்குச் சிரிப்பு வரவில்லை என்று பொருள். படம் வரைபவரிடமும் ஒரு சொல் சொல்லிவைத்தால் நல்லது, தமிழ்நாட்டில் எல்லா உடம்புள்ள மனைவிகளும் இருக்கிறார்கள்.

தை மாத இதழிலிருந்தே தொடங்கலாம். வேலூர் பஸ் பயணத்தை முழுதாக எழுதித் தர என் மாமனாரும் மாமியாரும் சம்மதித்திருக்கிறார்கள். தாங்கள் அறிவிப்பு வெளியிட்டதும் இருவர் கையொப்பத்தோடும் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவண்ணாமலை