ஐஸ் ஹவுஸும் உங்கள் வீட்டுப் பாட்டியின் டீச்சரும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சென்னையின் பெண் ஆசிரியர்களைப் பற்றி ஒரு பதிவேடு தயாரிக்கிறார்கள். அதற்கு உங்கள் வீட்டுப் பெரியவர்களின் துணை வேண்டும்.

மெரினாவில் விவேகானந்தர் இல்லத்தைக் காட்டிக் கேட்டால், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ்கட்டிகளை வைக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இது என்பார்கள். 1897இல் விவேகானந்தர் தங்கினார் என்பார்கள். இரண்டும் சரி. அதே கட்டடத்தில் இளம் விதவைகள் தங்கிப் படித்து ஆசிரியைகளாகப் போனதைச் சொல்பவர்கள் குறைவு. 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற ஆர்.எஸ். சுப்புலட்சுமி, தாமே குழந்தை விதவை. அடுத்த ஆண்டே எழும்பூரில் அவர் தொடங்கிய விதவையர் இல்லம்தான் பின்னர் ஐஸ் ஹவுஸுக்கு வந்தது. 1922இல் ஆசிரியைகளுக்கென்றே லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி பிறந்தபோது அதன் முதல்வரும் அவரே.

ஏன் விதவைகள்? அந்தக் காலத்தில் ஆண் வாத்தியார் என்றால் வயதுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பமாட்டார்கள். மணமான பெண்ணை வேலைக்கு விடமாட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் இவர்கள்தான். அந்த விடுதி பிராமணப் பெண்களுக்கு மட்டும் என்பதையும் பிள்ளைகள் எழுதட்டும், மறைக்க வேண்டாம். மிஷன் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி டீச்சர்களும் பதிவேட்டில் வர வேண்டும்.

இனி வீட்டு வேலை. பாட்டியிடம் "உங்க பள்ளிக்கூடத்தில் பெண் ஆசிரியர்கள் இருந்தாங்களா?" என்று கேட்டால் "இருந்தாங்க" என்பதோடு பேச்சு முடியும். "உங்களுக்கு 'அ' எழுதக் கைபிடிச்சது யாரு?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஆசிரியையின் பெயர், பள்ளி, தெரு, வகுப்பு, ஆண்டு ஆகிய ஐந்தையும் குறிக்க வேண்டும். ஆண்டு நினைவில்லையென்றால் பாட்டியின் அப்போதைய வயது போதும்.

பெரும்பாலும் குழப்பம் தருவது இனிஷியல். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் எழுத்து, பின் கணவர் பெயரின் எழுத்து. ஒரே டீச்சர் இரண்டு பேராகிவிடுவார். இரண்டையும் எழுதுங்கள். "பெரிய டீச்சர்" என்று மட்டும் நினைவிருந்தால் அப்படியே எழுதலாம், பெயரை ஊகிக்க வேண்டாம்.

பழைய குரூப் போட்டோவை ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள், கிழியும். ஃப்ளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் செல்போனில் எடுத்தால் போதும். பெயர்களை வரிசைவாரியாக இடமிருந்து வலமாகத் தனித்தாளில் எழுதுங்கள். படத்தின் பின்புறம் பால்பாயிண்ட் வேண்டாம், அச்சு முன்பக்கம் தெரியும்.

தாள்கள் வரும் 15ஆம் தேதிக்குள் வகுப்பாசிரியரிடம் சேரட்டும். அசல் சான்றிதழ்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்