பெயரை மாற்ற வேண்டாம்: ஒரு ஜுவென்டஸ் ரசிகனுக்கு அப்பாவின் கடிதம்

தூத்தூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மகன் ஜெரால்டுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி அவளே உன்னிடம் விரிவாகப் பேசுவாள். நான் எழுதுவது நம் ஊர்க் கால்பந்துக் கிளப் விஷயமாக. கத்தாரில் இருக்கும் நம் ஊர்ப் பையன்கள் வரும் வெள்ளிக்கிழமை கூடி, இந்த ஆண்டு கிளப்புக்குப் பணம் அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போவதாகவும், "பழைய பெயரைக் கலைத்துவிட்டுப் புதுப் பெயரில் தொடங்கினால் மட்டுமே பணம்" என்று சொல்பவர்களின் பக்கம் நீயும் சாய்ந்திருப்பதாகவும் உன் குரல் பதிவிலிருந்து அறிந்துகொண்டேன். இதைத் தொலைபேசியில் பேசினால் பாதியில் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

நடந்ததை நீ துண்டு துண்டாகக் கேட்டிருப்பாய். பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் போட்டியில் நம் கிளப் கோப்பையை வென்றது. நடுக்களத்தில் ஆடியவனுக்கு உண்மையில் இருபத்திரண்டு வயது. அவன் தன் சித்தப்பா மகனின் ஆதார் நகலைக் காட்டி இறங்கியிருக்கிறான். கண்டுபிடித்தது நடுவரோ போட்டிக் குழுவோ அல்ல. எதிரணி ஊரிலிருந்து பார்க்க வந்திருந்த ஒருவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் அவனோடு ஒரே படகில் ஆழ்கடலுக்குச் சுறா பிடிக்கப் போனவர். வாரக்கணக்கில் ஒரே சட்டியில் சோறு உண்டவனின் முகத்தையும் பெயரையும் எந்த ஆதார் மறைக்கும்? புகார் போயிற்று, விசாரணை நடந்தது, கோப்பை பறிக்கப்பட்டது, ஓராண்டுத் தடை வந்தது. குருசடிப் பக்கம் கட்டியிருந்த ஃபிளெக்ஸை இரவோடிரவாக யாரோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது ஊரில் எங்கு நான்கு பேர் கூடினாலும் இதே பேச்சுதான். "எல்லாவனும் செய்யதுதானே, நம்மள மட்டும் பிடிச்சிட்டான்" என்பவர்கள் ஒரு பக்கம். "அடுத்த வருஷம் ரெண்டு கப் அடிச்சா எல்லாரும் மறந்திருவான்" என்பவர்கள் இன்னொரு பக்கம். பெயரை மாற்றிவிடலாம் என்பவர்கள் உன்னைப் போல வெளிநாட்டில் இருப்பவர்கள். இந்த மூன்று வாதங்களையும் நான் புதிதாகக் கேட்கவில்லை. இத்தாலியின் ஜுவென்டஸ் கால்பந்துக் கிளப் விஷயத்தில் உன் வாயிலிருந்தே இத்தனை ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ஆகவே, உனக்குத் தெரிந்த அந்தக் கிளப்பை வைத்தே பேசுகிறேன்.

2006 உலகக் கோப்பையின்போது இந்தக் கரை முழுவதும் பிரேசில், அர்ஜென்டினா கொடிகள் பறக்க, நீ மட்டும் ஜுவென்டஸ் ஆட்டக்காரர் டெல் பியரோவுக்காக அந்தக் கிளப்பின் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையைத் துவைக்கவும் விடாமல் போட்டுக்கொண்டு திரிந்தாய். ஜூலை 9 அன்று பெர்லின் இறுதிப் போட்டியில் இரண்டு பக்கமும் உன் கிளப்பின் ஆட்கள் நின்றார்கள். இத்தாலிக்குக் கன்னவாரோ, பஃபன், சம்ப்ரோட்டா, கமோரனேசி. பிரான்சுக்குத் துராம், வியேரா. பெனால்டியில் மேல் கம்பத்தில் அடித்துப் பிரான்சின் கோப்பையைக் கைவிட்ட ட்ரெசகேயும் ஜுவென்டஸ்காரர்தான். ஐந்து நாள் கழித்து, ஜூலை 14 அன்று, இத்தாலியக் கால்பந்து நீதிமன்றம் அந்தக் கிளப்பை இரண்டாம் நிலையான சீரி பி-க்குத் தள்ளியது. அத்துடன் 30 புள்ளி கழிப்பு. மேல்முறையீட்டில் அது 17 ஆகி, அக்டோபரில் 9 ஆயிற்று. 2004-05 இத்தாலிய லீக் பட்டம் பறிக்கப்பட்டு யாருக்கும் கொடுக்கப்படவில்லை. 2005-06 பட்டமோ, களத்தில் மூன்றாவதாக வந்த இன்டர் மிலானுக்குக் கொடுக்கப்பட்டது.

குற்றம் என்ன என்பதை நீ எப்போதும் சுருக்கிச் சொல்வாய்: "நடுவருக்குப் பணம் கொடுத்ததாக யாரும் நிரூபிக்கவில்லையே அப்பா." சரி. ஆனால் நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலமெல்லாம் இந்தக் கரையோரப் போட்டிகளில் விசில் ஊதியவன். ஒரு போட்டியைக் கெடுக்கப் பணம் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். முதல் நாள் இரவு ஒரு தொலைபேசி வரும். குரலில் மரியாதை குறைவே இராது. "சாரே, நாளைக்கு பைனலுக்கு விசில் யாரு?" என்று மட்டும் கேட்பார்கள். நான் என்றால், "ஓ, சாரா, நல்லது" என்று வைத்துவிடுவார்கள். வேறொருவர் பெயரைச் சொன்னால், அடுத்த தொலைபேசி போட்டிக் குழுவுக்குப் போகும். காலையில் பார்த்தால் அந்த வேறொருவருக்கு லைனில் கொடி பிடிக்கும் வேலை. இதில் எங்கே லஞ்சம்? யார் மேல் புகார் கொடுப்பது? லூச்சானோ மோஜி செய்ததும் பெரிய அளவில் இதைத்தான். ஜுவென்டஸின் பொது இயக்குநரான அவர், எந்தப் போட்டிக்கு எந்த நடுவர் என்று தீர்மானிக்கும் பொறுப்பில் இருந்த பெர்காமோ, பைரெட்டோ ஆகியோருடன் ஓயாமல் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். 2004 நவம்பரில் ரெஜ்ஜினாவிடம் தோற்ற பிறகு நடுவரை உடை மாற்றும் அறையில் வைத்துப் பூட்டிவிட்டதாக அவரே பெருமை பேசிய பதிவும் உண்டு. உண்மையில் பூட்டினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. அப்படிச் சொல்லிக்கொள்வது பெருமை என்று ஒரு கிளப்பின் மேலாளர் நினைத்தாரே, அந்தத் துணிச்சலே போதும். மறுவாரம் விசில் ஊத வருகிறவனின் மூச்சு அதிலேயே பாதி அடங்கிவிடும்.

உன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மிலான், லாட்சியோ, ஃபியொரென்டினா, ரெஜ்ஜினா ஆகிய கிளப்புகளும் தண்டிக்கப்பட்டன. ஆனால் கீழே இறங்கியது ஜுவென்டஸ் மட்டுமே. புள்ளி கழிப்போடு தப்பிய மிலான் 2007-ல் ஐரோப்பியச் சாம்பியனே ஆயிற்று. 2011-ல் கால்பந்துச் சங்கத்தின் வழக்கறிஞர் பலாட்சி கொடுத்த அறிக்கை, இன்டரின் நடத்தையும் சரியில்லை என்றது. காலவரம்பு கடந்துவிட்டதால் நடவடிக்கை இல்லை. 2006 பட்டத்தை இன்டருக்குக் கொடுத்திருக்கக் கூடாது, முந்தைய ஆண்டின் பட்டத்தைப் போலவே வெற்றிடமாக விட்டிருக்க வேண்டும் என்பதில் நான் உன்னோடு ஒத்துப்போகிறேன். (நம்மிடமிருந்து பறித்த கோப்பையை வாங்கிக்கொண்ட ஊரின் பின்கள ஆட்டக்காரன் ஒருவனுக்கு என்னைவிட அடர்த்தியான தாடி, அதையும் ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள்.) ஆனால் அடுத்தவன் தப்பித்துக்கொண்டான் என்பது அநியாயத்தைப் பற்றிய புகார். அதைக்கொண்டு நாம் செய்யவில்லை என்று காட்ட முடியாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் உன் கிளப்பின் ரசிகர்கள் இருபது ஆண்டுகளை ஓட்டிவிட்டார்கள்.

ஜுவென்டஸ் மீண்டது எப்போது என்று கேட்டால், 2012 முதல் 2020 வரை வென்ற ஒன்பது பட்டங்கள் என்று நீ சொல்வாய். நான் 2006 செப்டம்பர் 9 என்பேன். அன்று அந்தக் கிளப் ரிமினி என்ற சிறிய கடற்கரை நகரத்துக்குப் போய்த் தன் முதல் சீரி பி ஆட்டத்தை 1-1 என்று சமன் செய்தது. கன்னவாரோவும் எமெர்சனும் ரியல் மாட்ரிட்டுக்கும், இப்ராஹிமோவிச்சும் வியேராவும் இன்டருக்கும், துராமும் சம்ப்ரோட்டாவும் பார்சிலோனாவுக்கும் போய்விட்டிருந்தார்கள். பயிற்சியாளர் கப்பெல்லோவும் போய்விட்டார். உலகக் கோப்பையை இரண்டு மாதத்துக்கு முன் கையில் ஏந்திய பஃபன் போகவில்லை. டெல் பியரோ, கமோரனேசி, நெட்வெட், ட்ரெசகே ஆகியோரும் போகவில்லை. தாங்கள் செய்யாத தவறுக்காக, கேமராவும் கூட்டமும் குறைந்த மைதானங்களில் ஓராண்டு ஓடினார்கள். டெஷாம்ப்ஸ் பயிற்சியில் அந்தச் சீரி பி-யை வென்று மேலே வந்தார்கள். டெல் பியரோதான் அந்த ஆண்டு அதிக கோல் அடித்தவர். அந்த ஓராண்டில் இத்தாலி முழுவதிலும், எதிரி ரசிகர்களிடம்கூட, அந்தச் சட்டைக்கு மரியாதை திரும்பியது என்பது என் எண்ணம். யாரும் அப்போது சட்டையின் பெயரை மாற்றச் சொல்லவில்லை என்பதையும் கவனித்துக்கொள்.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிக்காதது. 2011-ல் புது மைதானம் கட்டித் திறந்தபோது, பறிக்கப்பட்ட இரண்டு பட்டங்களையும் சேர்த்தே அங்கே எண்ணிக்கை காட்டினார்கள். அடுத்த ஆண்டு காண்டே பயிற்சியில் ஓர் ஆட்டமும் தோற்காமல் 28-வது பட்டத்தை வென்ற பிறகு, "களத்தில் 30" என்ற வாசகத்தைச் சட்டையிலேயே பொறித்தார்கள். இன்றைக்கும் சங்கத்தின் கணக்கு 36, கிளப்பின் கணக்கு 38. ஆட்டக்காரர்கள் ரிமினியில் ஒரு பேச்சும் பேசாமல் அடைத்த கடனை, நிர்வாகம் எங்களுக்குக் கடனே இல்லை என்று சட்டையில் எழுதி மறுத்தது. அப்படி மறுத்துப் பழகிய வீட்டுக்கு மறுபடியும் ஒரு நாள் வழக்கு வந்ததில் எனக்கு வியப்பில்லை. ஆட்டக்காரர்களை வாங்கி விற்றதில் லாபக் கணக்கை ஊதிப் பெருக்கியதாகக் குற்றச்சாட்டு. 2022 நவம்பரில் தலைவர் அக்னெல்லி உட்பட இயக்குநர் குழு முழுவதும் பதவி விலகியது. 2023 ஜனவரியில் 15 புள்ளி கழிப்பு, ஏப்ரலில் அது நிறுத்திவைப்பு, மே மாதம் மீண்டும் 10 புள்ளி கழிப்பு. ஏழாவது இடம். அடுத்த ஆண்டு ஐரோப்பியப் போட்டிகளிலும் இடமில்லை. விலகிய குழுவில் துணைத் தலைவராக இருந்தவர் நெட்வெட் என்பது எனக்கு மிகவும் வருத்தம். சீரி பி-யில் ஓடிய அதே நெட்வெட். ஒன்பது பட்டங்கள் நற்பெயரை மீட்டிருந்தால் 2023-ல் ஒருவராவது, "இந்தக் கிளப்பா? இருக்காதே" என்று சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் சொன்னது "மறுபடியுமா?" என்பதுதான்.

ஆகவே இரண்டு கோப்பை வென்றால் எல்லாம் சரியாகும் என்பவர்களை நான் நம்பவில்லை. பெயரை மாற்றும் யோசனையை அதைவிடக் குறைவாகவே நம்புகிறேன். புதுப் பெயரில் வரப்போவது பழைய செயலாளரும் பழைய பயிற்சியாளரும்தான். பலகையில் மட்டும் பெயிண்ட் புதிதாக இருக்கும்.

ஜெரால்டு மக்களே, உங்கள் கூட்டத்தில் யாரும் பேசமாட்டார்கள் என்று நான் நினைக்கும் ஒருவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆதார் நகலைக் கொடுத்த அந்தச் சித்தப்பா மகனுக்குப் பதினேழு வயது. இடக்கால் ஆட்டக்காரன், மோசமில்லை. அவனும் அந்த இறுதிப் போட்டிக்கு வந்திருந்தான். ஒலிபெருக்கியில் தன் பெயரைச் சொல்லி, "அருமையான பாஸ்" என்று வர்ணனையாளர் கத்தியபோது, எனக்கு இரண்டு வரிசை தள்ளி, கடலை மடித்த தாளைக் கையில் சுருட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தான். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூட்டத்தில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று எண்ணித் திரும்பிப் பார்க்கிறான் என்று நினைத்தேன். இப்போது தடை அவன் பெயருக்கும் சேர்த்தே விழுந்திருக்கிறது. அவனுக்குப் பத்தொன்பதுக்கு உட்பட்டோர் போட்டியில் ஆடும் காலம் இன்னும் கொஞ்சம்தான் மீதி. அதில் ஓராண்டு போயிற்று. பெரியவனைக்கூட நான் முழுதாகக் குற்றம் சொல்லமாட்டேன். அவன் படிவம் நிரப்பவில்லை. நிரப்பியவர்களும் கையெழுத்திட்டவர்களும் இன்னும் கிளப் அறையின் சாவியை மடியில் வைத்திருக்கிறார்கள்.

பணம் அனுப்புங்கள் என்பதே என் கருத்து. ஆனால் சும்மா அனுப்பக் கூடாது. செயலாளரும் பயிற்சியாளரும் விலக வேண்டும். இனி எந்தப் பட்டியல் கொடுத்தாலும், பிறப்புச் சான்றிதழோடு பங்குக் கோயில் அலுவலகத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் ஒப்பிட்டு, பெற்றோர் ஒருவர் கையெழுத்திட்ட பின்னரே கொடுக்க வேண்டும். நம் ஊரில் ஆதாரைவிட அந்தப் பதிவேட்டை ஏமாற்றுவது கடினம். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கோப்பை விஷயத்தை மேல்முறையீடு, மறு விசாரணை என்று இழுப்பதை நிறுத்த வேண்டும். கிளப் அறைச் சுவரில் வெற்றிப் பட்டியல் எழுதியிருக்கிறதே, அதில் இந்த ஆண்டின் வரியை அவர்களே அழிக்கட்டும். தடை இருக்கும் ஓராண்டும் பையன்கள் மாலையில் இறங்கி ஆட வேண்டும். வள்ளவிளைக்கும் சின்னத்துறைக்கும் போய் நட்பு ஆட்டம் ஆடுவதை யாரும் தடுக்கவில்லை. பார்க்க ஆள் வராது, வந்தாலும் கேலி செய்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு ஆடட்டும்.

இதில் செயலாளர் விலகுவதற்கு உங்கள் கத்தார்க் கூட்டத்தில் பாதிப் பேர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அவருடைய மைத்துனர்கள் இருவர் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களிடம் பட்டங்களின் எண்ணிக்கை பற்றியெல்லாம் பேசாதே. ரிமினியைப் பற்றி மட்டும் சொல். அப்படியும் ஒத்துவராவிட்டால் நீங்கள் எத்தனை பேர் ஒத்திருக்கிறீர்களோ அத்தனை பேரின் பங்கை மட்டும் அனுப்புங்கள். கிளப் கணக்குக்கு வேண்டாம், என் கணக்குக்கு. கோல் வலை இரண்டும் கிழிந்து கிடக்கின்றன, பந்தும் தேய்ந்துவிட்டது. நாகர்கோவிலில் நானே வாங்கி, ரசீதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா