கீழக்கரை நடைச் சுற்றுலா (16.01.2026) குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
நடைச் சுற்றுலாப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பொங்கலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் தம்பி மகள், மாப்பிள்ளை, அவர்களுடைய எட்டு வயதுப் பெண், அப்புறம் நான், ஆக நான்கு பேர் ஜனவரி 16, வெள்ளிக்கிழமை உங்கள் கீழக்கரை நடைச் சுற்றுலாவுக்கு வந்திருந்தோம். ஆளுக்கு 900 வீதம் 3,600 ரூபாய் முன்கூட்டியே கட்டிவிட்டோம். அன்று நடந்ததைச் சொல்ல உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு தடவை போன் செய்தேன். "கட்டின பணம் திரும்ப வராது மேடம், அதுதான் ரூல்" என்று இரண்டு தடவையும் ஒரே பதில். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், நான் சொல்ல வந்ததையே யாரும் காதில் வாங்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கீழக்கரையில் 14 வருடம் ஆசிரியையாக வேலை பார்த்தவள். இராமநாதபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். அந்த ஊர் வீடுகளில் சாப்பிட்டிருக்கிறேன். இந்தக் கடற்கரைக்கு வருகிறவர்கள் இராமேஸ்வரம் கோயில், பாம்பன் பாலம், தனுஷ்கோடி என்று பார்த்துவிட்டு அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். கீழக்கரைப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்தத் தெருக்களுக்குள் நடத்திக் கூட்டிப்போகிறோம் என்று உங்கள் விளம்பரத்தில் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. நானே பேத்திக்குச் சுற்றிக்காட்டியிருக்கலாம். முறையாகக் கற்றவர் ஒருவர் சொல்லிக் கேட்டால் எனக்கும் நாலு விஷயம் புதிதாகத் தெரியுமே என்றுதான் பணம் கட்டினேன்.

காலை 9.30 மணிக்குக் கிளம்புவதாகச் சொல்லியிருந்தீர்கள். இராமேஸ்வரத்திலிருந்து ஒரு வேன் வரவேண்டும் என்று எங்களைத் தெருமுனையில் நிற்கவைத்துவிட்டார்கள். கிளம்பும்போது மணி 10.40. ஒரு குழுவில் பத்துப் பேர்தான் என்று விளம்பரத்தில் இருந்தது. வந்தவர்கள் 27 பேர். வழிகாட்டியிடம் மைக் இல்லை. பின்னால் வந்த எங்களுக்குப் பாதி காதில் விழவில்லை. தாமதத்தையும் கூட்டத்தையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பண்டிகை நேரம். மற்றவற்றை அப்படி விட முடியாது.

முதலாவது, பழைய ஜும்மா பள்ளிவாசல். உங்கள் விளம்பரத்தில் முதல் படமே அதுதான். அங்கே நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி 12.15. வெள்ளிக்கிழமை! ஜும்ஆ தொழுகைக்கு ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், நாங்கள் 27 பேர் கேமராவோடு வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறோம். தொப்பி போட்ட ஒரு பெரியவர் வந்து, "தொழுகை நேரம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத் தலை நிமிர முடியவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் கீழக்கரை எப்படி இருக்கும் என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். ஜமாஅத்தில் முன்கூட்டியே பேசி, பெண்கள் எதுவரை போகலாம், எந்த நேரம் வரலாம் என்று கேட்டு வைத்திருக்க வேண்டாமா? யாரிடமும் பேசவில்லை என்று உங்கள் வழிகாட்டியே ஒத்துக்கொண்டார். கடைசியில் அந்தக் கல்தூண்களை வாசலுக்கு எதிர்ப்பக்கம் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. மேலே உத்திரம் தாங்கும் போதிகையும் பூ வேலையுமாகக் கோயில் மண்டபத்துத் தூண் போலவே இருக்கும், ஆனால் ஒரு மனித உருவமோ மிருக உருவமோ இருக்காது. அதைப் பக்கத்தில் நின்று பேத்திக்குக் காட்ட வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை.

இரண்டாவது, சொன்ன தகவல்கள். வள்ளல் சீதக்காதியை "அரபு நாட்டிலிருந்து வந்த வியாபாரி" என்று உங்கள் ஆள் அறிமுகப்படுத்தினார். நான் பக்கத்தில் போய்த் திருத்தினேன். ஷெய்கு அப்துல் காதிர் என்ற இயற்பெயர் கொண்ட சீதக்காதி, தமிழ் முஸ்லிமான கீழக்கரை மரைக்காயர். கப்பல் விட்டு வியாபாரம் செய்தவர், இராமநாதபுரம் அரசர் கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய நண்பர். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறோமே, அவரே இவர். அவர் சொந்த ஊரிலேயே நின்றுகொண்டு அவரை வெளிநாட்டுக்காரர் ஆக்கினால் கேட்டுக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்களுக்கு எப்படி இருக்கும்?

அடுத்து, ஒரு அடக்கத்தலத்தைக் காட்டி, "சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் இங்கேதான் இருக்கிறார்" என்றார். உமறுப்புலவர் அடக்கமாகியிருப்பது எட்டயபுரத்தில். அவரைச் சீறாப்புராணம் பாடவைத்தவர் சீதக்காதி. பாடி முடிக்கும் முன்பே வள்ளல் காலமாகிவிட, அபுல் காசிம் மரைக்காயர் தொடர்ந்து ஆதரித்தார். ஒரு இந்து அரசர், ஒரு மரைக்காயர் வள்ளல், நபிகள் வரலாற்றைத் தமிழ் விருத்தத்தில் பாடிய ஒரு புலவர், இந்த மூன்று பேர் கதையைச் சொன்னாலே போதும், கேட்கிறவர்கள் அந்தத் தெருவை விட்டு நகர மாட்டார்கள். வகுப்பில் நான் சொல்லும்போது பிள்ளைகள் மணி அடித்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் சுற்றுலாவில் அதற்குக் கிடைத்தது இரண்டு நிமிடம், அதுவும் தப்பாக.

பள்ளிவாசலின் வயதையும் உங்கள் ஆள் அடித்துச் சொன்னார். நபிகள் காலத்திலேயே கட்டியது என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. "ஊர் மக்கள் இப்படிச் சொல்கிறார்கள்" என்று சொல்வதுதான் சரியான முறை. அப்படிச் சொன்னால் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது.

மூன்றாவது, கடற்கரை. பேத்தி மணலில் ஒரு பவளத் துண்டைக் கண்டெடுத்தாள். வெள்ளையாக, விரல் நீளம், மேலெல்லாம் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்ன நட்சத்திரத் துளைகள். "இதை வச்சுக்கலாமா?" என்று அவள் கேட்டதற்கு வழிகாட்டி, "தாராளமா எடுத்துக்கோ பாப்பா, ஞாபகார்த்தமா" என்றார். பார்த்ததும் இன்னும் நாலைந்து பேர் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மன்னார் வளைகுடா 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்கா ஆன இடம். அதன் 21 தீவுகளில் ஏழு கீழக்கரைப் பக்கம்தான். பவளம் 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செக்போஸ்ட்டில் பிடித்திருந்தால் மாட்டியிருப்பவர்கள் உங்கள் வாடிக்கையாளர்கள். நான் எடுத்துச் சொன்ன பிறகு பேத்தி அழுதுகொண்டே திரும்பப் போட்டாள். தப்பு அவளுடையது இல்லை.

நான்காவது, தொதல் என்ற இனிப்பு. "கீழக்கரைத் தொதல் கிண்டுவதை நேரில் காணலாம்" என்று எழுதியிருந்தீர்கள். தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் பெரிய சட்டியில் ஏற்றி, அடிபிடிக்காமல் மணிக்கணக்கில் கிண்டுவார்கள். கெட்டியாகி, எண்ணெய் பிரிந்து, சட்டியில் ஒட்டாமல் உருண்டு வரும்போது எழும் வாசனை தெருவுக்கே தெரியும். என் தம்பி மகள் அதைப் பார்க்கத்தான் முக்கியமாக வந்தாள். எங்களைக் கூட்டிப்போனதோ சங்கு மாலையும் பாக்கெட் தொதலும் விற்கும் ஒரு கடைக்கு. அங்கே மட்டும் 50 நிமிடம். "வாங்கினாத்தான் எங்களுக்கும் ஏதாவது கிடைக்கும்" என்று உங்கள் ஆளே வெளிப்படையாகச் சொன்னார். விளம்பரத்தில் ஆறு இடங்கள். நாங்கள் ஒழுங்காகப் பார்த்தவை இரண்டு. அந்தக் கடைக்கான நேரம் எங்கிருந்து வந்தது என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இனி சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாதது. குறுகலான ஒரு சந்தில் போகும்போது ஒரு வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே முற்றத்தில் வயதான ஒரு அம்மா உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நம் குழுவில் மூன்று பேர் வாசற்படியில் கால் வைத்து உள்ளே போட்டோ எடுத்தார்கள். "எடுங்க சார், இது அந்தக் கால வீடு" என்று சொன்னவர் உங்கள் வழிகாட்டி. அந்த அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு எழுந்தார். கதவைச் சாத்த வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். அவருடைய பேரன் என்னிடம் படித்தவன்.

"டீச்சரம்மா, நீங்களுமா?" என்றார். அப்புறம், "கேட்டிருந்தா உள்ள கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்திருப்போமே" என்றார்.

எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. பெண்ணுக்கு வீடு கொடுக்கும் ஊர் அது. அந்த முற்றம் தாயிடமிருந்து மகளுக்கு வந்த இடம். மறுநாள் தனியாகப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்துவிட்டார். ஆனால் அந்தக் கதவு இப்போது பகலிலும் சாத்தியிருக்கிறது.

அந்த வழிகாட்டிப் பையனை வேலையை விட்டு அனுப்புவதற்காக இதை எழுதவில்லை. தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள். வெளியூர்ப் பையன், முதல் நாள் ராத்திரி இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்ததாகச் சொன்னார். நான் திருத்தியபோது கோபப்படாமல் பேனா வாங்கிக் குறித்துக்கொண்டார். சொல்லிக்கொடுத்தால் நன்றாக வருவார். சொல்லிக்கொடுக்காமல் அனுப்பியது நீங்கள்தான்.

நான் கேட்பது இவ்வளவுதான். பார்க்காத இடங்களுக்காகப் பாதித் தொகை 1,800 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். வெள்ளிக்கிழமைச் சுற்றுலாவை நிறுத்துங்கள், அல்லது காலையிலேயே முடித்துவிடுங்கள். ஜமாஅத்திடம் நேரில் போய்ப் பேசுங்கள். வழிகாட்டியின் குறிப்பைக் கீழக்கரையில் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். வேண்டுமென்றால் நானே உட்கார்ந்து திருத்தித் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த வீட்டு முற்றத்தின் படம் இரண்டு நாளாக உங்கள் விளம்பரப் பக்கத்தில் இருக்கிறது. அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

ரசீதின் நகல், விளம்பரத்தின் நகல், அந்தப் பக்கத்தை என் போனில் பிடித்த படம் மூன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை என்பதை விசாரித்து வைத்திருக்கிறேன். அந்த அளவுக்குப் போகாமல் இது முடிய வேண்டும் என்றே விரும்புகிறேன்.

படத்தை எடுத்ததும் எனக்கு ஒரு போன் செய்து சொல்லுங்கள். அந்த அம்மாவிடம் நான் போய்ச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
இராமநாதபுரம்.
20.01.2026