உன் மருந்துப் பெட்டியை ஒருக்கா மணந்து பார்

கல்லடி, மட்டக்களப்பு

அன்பின் தவம்,

இங்கே நாங்கள் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே?

உன் கடிதம் வந்து ஏழு மாதம். பதில் போடாததற்குச் சாட்டு ஒன்று இருக்கிறது, சொன்னால் சிரிப்பாய். ஒரு மருந்துப் பெட்டிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். ஏழு மாதமும் அல்ல, ஆனால் அதற்குக் கிட்ட.

மச்சான், இதை ஆற அமர வாசிக்க நேரம் இல்லையென்றால் முதலில் ஒரு வேலை செய். எழும்பிப் போய் உன் பாத்ரூம் அலுமாரியில் இருக்கிற அஸ்பிரின் போத்தலைத் திறந்து மணந்து பார். போன தைப்பொங்கலுக்கு நீ அனுப்பின படத்தில், பேசினுக்கு மேலே, பிரஷ் வைக்கிற கோப்பைக்குப் பக்கத்தில் அது நிற்பதைக் கண்டேன். மணந்து பார்த்துவிட்டு வந்து மிச்சத்தை வாசி.

சரி, கதைக்கு வருகிறேன். அப்பாவின் பெட்டியை நீ மறந்திருக்க மாட்டாய். விறாந்தையில் கலண்டருக்குப் பக்கத்தில் தொங்கின வெள்ளைத் தகரப் பெட்டி. கதவில் கண்ணாடி, கண்ணாடிக்கு மேலே பாதி அழிந்த சிவப்புச் சிலுவை. சோதனைக்கு முதல் நாள் அதற்கு முன்னால் நின்று பரு கிள்ளி அப்பாவிடம் வாங்கிக் கட்டினாயே, அதே பெட்டிதான். 78ஆம் ஆண்டு நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் எங்கள் வீட்டு ஓடெல்லாம் போனது. விடிய எழும்பிப் பார்த்தால் பெட்டி அதே ஆணியில் தொங்குகிறது. அப்பா முதலில் போய் அதைத்தான் திறந்து பார்த்தார், கூரையைப் பிறகுதான் பார்த்தார். மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி அல்லவா.

போன வருசம் பழைய குளியலறையை இடித்துப் புதிதாக்கினோம். மனுசிக்கு முழங்கால் நோ என்று மகள் சுடுதண்ணீர் ஷவர் பூட்டச் சொன்னாள். சுவருக்குக் கடல்பச்சை டைல்ஸ். யன்னலுக்கு மருதமுனைக் கைத்தறித் துணியில் அதே பச்சைக் கரை போட்ட திரை. எல்லாம் முடிந்த பிறகு அவள் சொன்னாள், "அப்பா, தாத்தாவின் பெட்டியை இங்கே கொண்டு வந்து, அறைக்குப் பொருத்தமாகச் செய்து மாட்டுவோம்." கொழும்பிலிருந்து போனில் முப்பது நாற்பது படம் அனுப்பினாள். வேலையை விட்டு ஓய்ந்தவனுக்கு முப்பது படம் அனுப்பக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாது.

அந்தப் படங்களில் பாதிக்கு மேல் சுவருக்குள்ளே பதித்த பெட்டிகள். வெளியே கண்ணாடி மட்டும்தான் தெரியும். எனக்கும் ஆசை வந்துவிட்டது. மேசனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சேர், இது நாலு இஞ்சிக் கல்லு. பெட்டியைப் பதிச்சா முகம் உங்கட பக்கம், முதுகு பக்கத்து வீட்டுப் பக்கம்" என்றார். பிறகுதான் விசயம் விளங்கியது. அந்தப் படங்கள் அமெரிக்க வீடுகள், அங்கே உள்சுவரெல்லாம் மரச்சட்டம், இரு பக்கமும் பலகை. சட்டங்கள் பதினாறு இஞ்சிக்கு ஒன்றாக நிற்கும், நடுவில் வெறும் பொந்து. பெட்டி அந்தப் பொந்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். அங்கே பழைய பெட்டிகளின் பின்பக்கத்தில் ஒரு மெல்லிய வெட்டும் இருக்குமாம், சவரம் செய்த பிளேட்டைப் போட. அது எங்கே போகும் என்கிறாய்? சுவருக்குள்தான். வருசக் கணக்காகப் போட்டுப் போட்டு, பிறகு ஒரு நாள் யாரோ வீட்டைத் திருத்தும்போது சுவரிலிருந்து துருப்பிடித்த பிளேட் கொட்டும். நீ கட்டில் மெத்தைக்கு அடியில் தோற்ற சோதனைத்தாள்களைச் சேர்த்து வைத்த மாதிரி.

ஆகவே பதிக்கிற யோசனையை விட்டேன், நிறத்தில் பிடித்துக்கொண்டேன். உடைந்த டைல் துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காத்தான்குடிக்கு எத்தனை தரம் போனேன் தெரியுமா? கடையில் ட்யூப் லைட்டுக்குக் கீழே பெயின்டும் டைலும் அச்சொட்டாகப் பொருந்தும். வீட்டுக்குக் கொண்டு வந்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்று பச்சை, மற்றது பாசி. மூன்றாம் தரம் கடைக்காரத் தம்பி டைலை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பார்த்து, "இப்ப சரி, சேர். இனி இரவில குளிக்காதீங்க" என்றான். கெட்டிக்காரன்.

பழைய பெயின்டை உரஞ்சி எடுக்க ஒரு கிழமை. அடிமூலையில் உப்புக்காற்று தின்ற இடம் தேன்கூடு மாதிரி இருந்தது. துரு போகத் தேய்த்து, துருவுக்கு அடிக்கிற பெயின்ட் ஒரு பூச்சு, அதற்கு மேல் எனாமல் இரண்டு பூச்சு. இரும்புப் பிணைச்சலைக் கழற்றிப் பித்தளை போட்டேன். கைபிடிக்குச் சிரட்டையை வட்டமாக அறுத்து, தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசினேன். அது என் சொந்த யோசனை, படம் பார்த்தது அல்ல. தட்டுகளுக்குப் பன்பாயை வெட்டி விரித்தேன், அதுவும் என் யோசனைதான். மூன்றாம் கிழமை அதில் பூஞ்சணம் பிடித்தது. அப்போதே எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. பாயைத் தூக்கி எறிந்துவிட்டுக் கண்ணாடித் தட்டுப் போட்டேன்.

முகக்கண்ணாடியும் கரும்புள்ளி விழுந்து அம்மை வந்த மாதிரி இருந்ததால் புதிதாக வெட்டுவித்து, சிலிக்கன் வைத்து ஒட்டினேன். ஒட்டின அன்று வீடு முழுக்க வினாகிரி மணம். மாசம் ஒன்றுக்குள் புதுக் கண்ணாடியின் ஓரத்திலும் கறுப்பு ஏறத் தொடங்கியது. விசாரித்தால், வினாகிரி மணக்கிற சிலிக்கன் கண்ணாடியின் பின்னால் இருக்கிற வெள்ளிப்பூச்சை அரித்துவிடுமாம். முகக்கண்ணாடிக்கு நியூட்ரல் என்று வேறு ஒன்று இருக்கிறதாம், அதற்கு அந்த மணம் இல்லை. திரும்பவும் கழற்றி, திரும்பவும் வெட்டுவித்து, நியூட்ரல் வைத்து ஒட்டினேன். மனுசி பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் பார்ப்பது எப்படி என்று உனக்குத் தெரியும்.

ஆனால் மச்சான், வேலை முடிந்து மாட்டின அன்று நீ பார்த்திருக்க வேண்டும். சுவரும் பெட்டியும் ஒரே நிறம். பக்கத்து வீட்டு அன்ரி கை கழுவப் போனவர் பெட்டியைக் காணாமல் கண்ணாடியை மட்டும் கண்டுவிட்டு வந்தார். அதைவிட எனக்கு என்ன பட்டம் வேண்டும்?

மகள் விடவில்லை. "உள்ளே மட்டும் கடதாசி உறையும் அட்டையும் அலங்கோலமாகக் கிடக்கு அப்பா" என்று ஒரே அளவில் ஆறு கண்ணாடிப் போத்தல் வாங்கி அனுப்பினாள். பச்சை மூடி. நான் எல்லாக் குளிசையையும் உரித்துக் கொட்டி, பெயர் எழுதி ஒட்டி, உயர ஒழுங்கில் அடுக்கினேன். கிளினிக்கில் தருகிற அஸ்பிரினை மாதா மாதம் கொண்டு வந்து பழையதற்கு மேலேயே கொட்டினேன். பெட்டி மாட்டின சுவர் மேற்குப் பக்கம், பின்னேரம் தொட்டால் சுடும். காலையில் மனுசி சுடுதண்ணீரில் குளித்து வெளியே வந்தால் கண்ணாடியில் பெயர் எழுதலாம். இதையெல்லாம் இப்போது சேர்த்து எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அப்போது ஒன்றோடொன்று சேரவில்லை.

பங்குனி அளவில் பெட்டியைத் திறந்தால் வினாகிரி மணம். திரும்பவுமா? நியூட்ரல் என்று சொல்லி எனக்குப் பழையதையே தலையில் கட்டிவிட்டான் என்று கண்ணாடிக்கடைப் பெடியனை மனதுக்குள் பேசாத பேச்செல்லாம் பேசினேன். கண்ணாடியின் ஓரத்தை நாளுக்கு நாள் பார்த்தேன். கறுப்பு ஏறவில்லை. மணம் மட்டும் போகவில்லை. மனுசி "ஊறுகாய்ப் பெட்டி" என்று பெயர் வைத்தாள்.

போன ஞாயிறு ஊசி வந்தான், மருந்துக் கவுண்டரில் வேலை செய்த நம் கூட்டாளிதான். ஓய்வெடுத்தும் ஆள் மாறவில்லை, அதே மருந்துக் கவுண்டர் நடை, அதே குடை. பெட்டியைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். சிரட்டைக் கைபிடியை நல்லாயிருக்கு என்றான், கதவைத் திறந்தான், முகம் மாறியது. "சிலிக்கன் மணமடா" என்றேன். அவன் எனக்குப் பதில் சொல்லவில்லை. போத்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூக்குக்குக் கிட்டப் பிடித்து மூடி வைத்தான். நாலாவது போத்தலை மூடவில்லை.

"எத்தினை நாளா இதைப் போடுறாய்?"

அஸ்பிரின். கொஞ்சத்தைக் கையில் கொட்டி யன்னலடிக்குக் கொண்டு போய்க் காட்டினான். அடியில் கிடந்த குளிசைகளின் மேல், மச்சான், கண்ணைக் கிட்ட வைத்தால்தான் தெரியும், பூனை மயிர் மாதிரி மெல்லிய வெள்ளை ஊசிகள் முளைத்திருந்தன. போத்தலின் உள்பக்கத்திலும். வேறு நேரமாயிருந்தால் ஊசி எனக்கு ஊசி காட்டுகிறான் என்று நீயும் நானும் ஒரு வருசம் சிரித்திருப்போம்.

அவன் சொன்னது இவ்வளவுதான். அஸ்பிரின் ஈரத்தைக் கண்டால் இரண்டாக உடையும். ஒரு பாதி சலிசிலிக் அமிலம், அந்த ஊசிகள் அதுதான். மற்றப் பாதி அசெற்றிக் அமிலம், அதாவது வினாகிரி. என் சிலிக்கன் முதல் நாள் மணந்ததும் அதே அசெற்றிக் அமிலம்தான். ஒரே மணம், இரண்டு இடம். ஒன்று கண்ணாடியைத் தின்றது, மற்றது என் மருந்து தின்னப்பட்டதால் வந்தது. நான் மூன்று மாதம் கண்ணாடியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருதயக் குழாயில் உனக்கு இரண்டு ஸ்டென்ட், எனக்கு ஒன்று. நீ அதையும் ஒரு பெருமையாகச் சொல்லித் திரிகிறாய், திரி. ஆனால் அந்தக் கம்பிச் சுருளுக்குள் இரத்தம் கட்டிவிடாமல் இருக்கத்தான் ஒவ்வொரு நாளும் அந்த 75 மில்லிகிராம். நான் போட்டதில் எத்தனை மில்லிகிராம் மிச்சம் இருந்தது என்று ஊசியிடம் கேட்டேன். "ஆருக்குத் தெரியும்" என்றான். அன்றிரவு நித்திரை வரவில்லை. நெஞ்சில் ஒன்றும் இல்லை, ஆனாலும் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிக்கொண்டு கிடந்தேன். மனுசியை எழுப்பவில்லை. யாருக்கும் பயப்படாதவன் என்று நீ சொல்லித் திரிகிற ஆள் நான்.

திங்கட்கிழமை விடியக் கிளினிக்குக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஈசிஜி எடுத்தார்கள், பழையதோடு வைத்துப் பார்த்தார்கள், புதிதாக ஒன்றும் இல்லை. டொக்டர் பிள்ளை, என் மகளைவிட இளையவள், பேச்சுப் பேசினாள். வாயைத் திறக்காமல் நின்று கேட்டேன். புதுக் குளிசை தந்தாள்.

இனித்தான் உனக்குச் சொல்ல வேண்டியது. இரண்டு நாளாக என் மண்டைக்குள் நிற்பது அப்பா. அவர் ஏன் அந்தப் பெட்டியைக் குளியலறைப் பக்கமே கொண்டு போகவில்லை? கிணற்றடிக்குப் பக்கத்தில் சுவர் இருந்தது, குசினியில் சுவர் இருந்தது. விறாந்தையின் உள்சுவரில், வெயில் படாத, தூவானம் எட்டாத இடத்தில்தான் மாட்டினார். ஒரு குளிசை எண்ணுவதென்றாலும் முதலில் போத்தலைத் திறந்து மூக்கில் வைப்பார். "உன் அப்பா மருந்தை மூக்கால சாப்பிடுறார்" என்று நீ அவரைப் போலவே செய்து காட்டி, வகுப்பு முழுக்கச் சிரித்ததே. நான்தான் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தேன். ஏன் மணக்கிறீர்கள் என்று ஒரு நாளாவது அவரிடம் கேட்டோமா? அவரும் சொல்லவில்லை, சொல்லுகிற ஆளும் இல்லை.

மருந்தெல்லாம் இப்போது படுக்கையறை அலுமாரியின் மேல்தட்டில், பிஸ்கட் டின்னுக்குள். அட்டையில் வருவது அட்டையிலேயே இருக்கிறது. சில்லறையாகத் தருவதை இறுக்கி மூடுகிற சிறு போத்தலில் போட்டு, மாதம் முடிந்தால் பழையதைக் கலக்காமல் எறிகிறேன். பேரன் வந்தால் எட்டாது. டின்னில் ஒரு கிழவி தேயிலை கிள்ளுகிற படம், எந்த அறைக்கும் பொருந்தாது. மகளுக்குப் படம் அனுப்பவில்லை. அவள் பிழை ஒன்றும் இல்லை, வடிவாக இருக்கட்டும் என்று நினைத்தாள். பெயின்ட் அடித்தது நான்.

அப்பாவின் பெட்டியைத் திரும்ப விறாந்தையில் மாட்டலாமா என்றும் யோசித்தேன். கடல்பச்சை அங்கே கண்ணைக் குத்தும். குளியலறையிலேயே இருக்கட்டும். சவர சாமானும் மனுசியின் சீப்பும் மூன்று வாசனைச் சவர்க்காரமும் இருக்கின்றன. இப்போது அது மல்லிகை மணக்கிறது.

வேறு சங்கதி: எங்கள் விளையாட்டு மாஸ்டருக்குக் கண் ஒப்பரேசன் முடிந்து இப்போது தெருவில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், உன்னையும் விசாரித்தார், "அந்த ஓட்டக் கள்ளன்" என்று. பழைய கல்லடிப் பாலத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது, பின்னேரத்தில் நடக்க நல்லது, நானும் ஊசியும் போகிறோம். மாமாங்கத் திருவிழாவுக்கு வருகிறேன் என்று மூன்று வருசமாகச் சொல்கிறாய். நான் இனி எதிர்பார்க்க மாட்டேன், வந்தால் சோறு இருக்கிறது.

போய் மணந்து பார்த்தாயா? பார்க்காமல்தான் இங்கே வரை வந்திருப்பாய், எனக்குத் தெரியும். வெள்ளவத்தையிலும் கடல் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான், உப்புக்காற்றுக்கு உன் வீடு என் வீடு தெரியாது. என்ன மணம் என்று ஒரு வரி எழுது. ஒரு மணமும் இல்லாவிட்டாலும் எழுது.

அன்புடன்
உன் நேசன்