ஊசி நூலோடு மூன்று பெண்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போருக்குப் பிந்தைய இத்தாலியப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஐம்பதுகளின் காதல் நகைச்சுவைப் படங்களை ‘இளஞ்சிவப்பு நியோரியலிசம்’ என்று ஒரே வரியில் ஓரங்கட்டிவிட்டீர்களே! ஏழைகளின் வாழ்க்கையை உள்ளபடி காட்டிய நியோரியலிசப் படங்களை இனிப்பாக்கிவிட்டார்கள் என்று கிண்டலாக வைத்த பெயர் அது, சரி. எழுபது வருடம் கழித்து நாமும் அதையே சொல்ல வேண்டுமா?

1952-இல் லூச்சானோ எம்மர் இயக்கிய ‘லெ ரகாட்ஸே தி பியாட்ஸா தி ஸ்பான்யா’ (ஸ்பான்யா சதுக்கத்துப் பெண்கள்) படத்தைப் பாருங்கள். ரோமில் பணக்காரச் சீமாட்டிகளுக்கு உடை தைக்கும் இடத்தில் வேலை செய்கிற மூன்று பெண்கள், மதியம் அந்தச் சதுக்கத்தின் புகழ்பெற்ற ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே ஊர்க்கதை, காதல் கதை எல்லாம் பேசுகிறார்கள். தைத்த உடையைத் தானே உடுத்திக் காட்டும் மாடல் வேலை மரீசாவுக்குக் கிடைக்க, கட்டிக்கொள்ளப்போகிறவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறான். எலேனா நம்பியவன் ஏமாற்றுகிறான். அவளுக்கு ஆறுதலாக வருவது டாக்ஸி ஓட்டும் மார்ச்செல்லோ, அதாவது அப்போது இவ்வளவு பெரிய நட்சத்திரமாகியிராத மாஸ்த்ரோயான்னி. மூன்றாமவள் லூச்சியா குள்ளம், ஆனால் கண் போவதெல்லாம் நெட்டையன்கள் மேல். கடைசியில் அவளுக்கு வாய்ப்பது குதிரைப் பந்தய ஜாக்கி, ஜாக்கிகள் பொதுவாகக் குள்ளம்தானே! அந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரிப்புப் படம் என்பதால் வறுமை இல்லை என்று அர்த்தமா? நாளெல்லாம் பட்டுத்துணியைத் தொட்டுத் தைக்கிறவர்கள் கையில் இருப்பது வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாடுதான், அதற்கு மேல் எந்த இயக்குநர் என்ன சொல்ல வேண்டும்? திரைக்கதையில் பங்குள்ள செர்ஜியோ அமிதெய், நியோரியலிசத்தின் பெயர்பெற்ற படமான, ரோஸெல்லினி இயக்கிய ‘ரோம், ஓப்பன் சிட்டி’யையும் எழுதியவர்களில் ஒருவர். மரீசாவாக வரும் லூச்சியா போஸே 1947-இல் இத்தாலிய அழகியாகத் தேர்வாகும் முன் மிலானில் ஒரு மிட்டாய்க் கடையில் வேலை பார்த்தவர். வேலைக்காரப் பெண்ணாக அவர் நடித்ததில் ஒட்டாத தன்மையே இல்லை, காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

அப்புறம் ஒன்று. 2019-இலிருந்து அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தால் 250 யூரோ அபராதம், அழுக்காக்கினால் 400 வரை போகும். பாவம், அந்த மூன்று பேரும் இன்றைக்குச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு எங்கே போவார்கள்?

எம்மரின் முதல் கதைப்படமான ‘தொமேனிகா தகோஸ்தோ’ பற்றியும் ஒரு கட்டுரை போடுங்கள். அதில் மாஸ்த்ரோயான்னிக்குக் குரல் கொடுத்தவர், பின்னாளில் பெரிய நகைச்சுவை நடிகரான அல்பெர்த்தோ சோர்தி!

வாசகி, திருச்சி